வினிபெக் போகிறவருக்கு: கனடாவின் பேச்சுவழக்கு பற்றி ஒரு நீளமான பதில்

கேள்வி இது: "செப்டம்பரில் வினிபெக்குக்குப் படிக்கப் போகிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் 7.5 வாங்கியிருக்கிறேன். ஆனால் கனடாக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்தால் பாதி புரியவில்லை. எந்தெந்தக் கொச்சைச் சொற்களைக் கற்றுக்கொண்டு போகவேண்டும்? அப்படியே, குளிருக்குக் குல்லா இங்கேயே வாங்கிவிடலாமா?"

குல்லாவைக் கடைசியில் பார்ப்போம்.

நான் கனடாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. முதல் 2 வருஷம் கிழக்குக் கோடித் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் படிப்பு, அடுத்த 5 வருஷம் சமவெளி மாகாணமான சஸ்காட்செவனின் ரெஜைனாவில் வேலை, அதற்கப்புறம் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடித்தனம். மூன்று ஊரிலும் போய் இறங்கிய முதல் மாதம் எனக்கு ஆங்கிலமே தெரியாதோ என்று தோன்றியது. ஓர் ஊரில் கஷ்டப்பட்டுக் கற்ற சொல்லை அடுத்த ஊரில் சொன்னால் சிரித்தார்கள். யூட்யூப் பட்டியல்கள் எல்லாம் ஒரே பத்துச் சொற்களைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை வந்த முதல் வாரத்தில் தானாகவே கற்றுக்கொள்வீர்கள். திணறடிப்பவை வட்டாரச் சொற்கள். அங்கே யார் குடியேறினார்கள், எதைச் செய்து பிழைத்தார்கள், என்ன குளிர் அடித்தது என்று பார்த்தால்தான் அவை பிடிபடும்.

சரி, அந்தப் பத்தில் முதலாவதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் 'எய்'. "கோல்ட் டுடே, எய்?" என்றால் "இன்னிக்கு நல்லா குளிருதுல்ல?" என்று பொருள். பதில் எதிர்பார்க்கும் கேள்வி இல்லை, தலையாட்டச் சொல்லும் அழைப்பு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் "பிறகு பாப்பம், என்ன?" என்பார்களே, அந்த 'என்ன' அப்படியே இதுதான். இன்னொரு பயன் கதை சொல்லும்போது வரும்: "ஐ வாஸ் டிரைவிங் ஹோம், எய், அண்ட் தேர் வாஸ் திஸ் மூஸ், எய்..." ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். நமக்கு இருக்கக் கூடாது. "நான் வண்டில வந்துட்டிருந்தேனா, அங்க ஒரு மான் நின்னுச்சா..." என்று நாம் போடும் அந்த 'ஆ'வும் கேள்வி இல்லை, கேட்கிறாயா, தொடரட்டுமா என்பதுதான். அதே வேலையைத்தான் அந்த 'எய்' செய்கிறது.

இந்தச் சொல் நாட்டுச் சின்னமானதன் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. 1980இல் எஸ்.சி.டி.வி. என்ற நகைச்சுவை நிகழ்ச்சிக்கு, கனடாவில் ஒளிபரப்பாகும் பதிப்பில் மட்டும் கூடுதலாக 2 நிமிடம் தேவைப்பட்டது. அந்த 2 நிமிடத்தில் 'கனடாத்தனம்' தெரியும்படி ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடம் சொன்னது. கடுப்பான ரிக் மொரானிஸும் டேவ் தாமஸும் வேண்டுமென்றே குல்லா மாட்டிக்கொண்டு, பீர் பாட்டிலோடு உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை 'எய்' போட்டு, ஒருவரையொருவர் 'ஹோசர்' என்று திட்டிக்கொண்டார்கள். ஹோசர் என்றால் உதவாக்கரை, மக்கு. அதிகாரிகளைக் கிண்டல் செய்யப் போட்ட வேஷம் நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. இன்று ஹோசர் என்ற சொல்லை வேடிக்கைக்குத் தவிர யாரும் சொல்வதில்லை. 'எய்' சிற்றூர்களிலும், வேலைத்தளங்களிலும், பெரியவர்கள் வாயிலும் நன்றாகவே உயிரோடு இருக்கிறது. டொராண்டோ அலுவலகங்களில் அரிது.

அமெரிக்கர்கள் கேலி செய்யும் 'அபூட்' என்ற உச்சரிப்பைத் தேடாதீர்கள், அப்படி யாரும் சொல்வதில்லை. 'அவுட்', 'ஹவுஸ்' போன்ற சொற்களில் வல்லோசைக்கு முன்னால் வரும் 'அவ்' ஒலியைக் கனடாக்காரர்கள் நாக்கைச் சற்று உயர்த்தித் தொடங்குகிறார்கள். 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் எங்கோ கேட்கும். டொராண்டோ மொழியியலாளர் ஜே.கே. சேம்பர்ஸ் 1973இல் இதற்குக் 'கனடிய உயர்வு' என்று பெயர் வைத்தார். எங்கள் மகள் அதைப் பிசகில்லாமல் செய்கிறாள். எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

அடுத்து, வந்த அன்றே தேவைப்படுகிற நாலைந்து சொற்கள். கழிப்பறை இங்கே வாஷ்ரூம். சோடா, கோலா எல்லாம் பாப். மின்சாரக் கட்டணம் ஹைட்ரோ பில். வீடு பார்க்கும்போது "ஹைட்ரோ சேர்த்தா?" என்று கேட்டால் தண்ணீரைப் பற்றி இல்லை, கரண்டைப் பற்றி. நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை விநியோகிக்க ஒன்டாரியோ அரசு 1906இல் தொடங்கிய வாரியத்தின் பெயரில் இருந்த 'ஹைட்ரோ' அப்படியே மின்சாரத்துக்கே பெயராகிவிட்டது. ஒன்டாரியோவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி இன்று அணு உலையிலிருந்து வருகிறது, பில் மட்டும் இன்னும் ஹைட்ரோதான். வினிபெக் இருக்கிற மனிடோபா மாகாணத்தில் மின்வாரியத்தின் பெயரே மனிடோபா ஹைட்ரோ.

காபிக் கடையில் 'டபுள் டபுள்' என்றால் இரண்டு கிரீம், இரண்டு சர்க்கரை. டிம் ஹார்ட்டன் என்ற ஹாக்கி வீரர் 1964இல் ஹாமில்டனில் தொடங்கிய கடை நாடு முழுக்கப் பரவி, அதன் வரிசையில் நின்றவர்கள் உருவாக்கிய சொல் இது. 2004இல் கனடிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ளேயே போய்விட்டது. நம் ஊர் ஸ்ட்ராங் காபி நாக்குக்கு அது இனிப்புத் தண்ணீர்தான், ஆனால் வரிசையில் நிற்கும்போது கேட்கச் சுலபம்.

ஒரு டாலர் நாணயம் லூனி. அதில் லூன் என்ற நீர்ப்பறவை இருப்பதால் அந்தப் பெயர். உண்மையில் அந்தப் பறவை வரவேண்டியதே இல்லை. பழைய டாலரில் இருந்த படகோட்டிகளின் படத்தைத்தான் இதிலும் அச்சடிப்பதாக இருந்தார்கள். 1986இல் அச்சுக்கட்டைகளை ஒட்டாவாவிலிருந்து உங்கள் வினிபெக்கில் உள்ள நாணயச் சாலைக்கு அனுப்பும் வழியில் தொலைத்துவிட்டார்கள். கள்ள நாணயம் வந்துவிடுமோ என்ற பயத்தில் படத்தையே மாற்றி, 1987இல் பறவையோடு வெளியிட்டார்கள். 1996இல் இரண்டு டாலர் நாணயம் வந்ததும் 'டூ'வையும் லூனியையும் சேர்த்து டூனி ஆக்கினார்கள் மக்கள். அதில் இருப்பது பனிக்கரடி; கரடியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது அந்நியச் செலாவணிச் செய்திகளிலேயே "லூனி சரிந்தது" என்று எழுதுகிறார்கள்.

மதுக்கடைச் சொற்கள் தனிக் கணக்கு. குடிக்காவிட்டாலும் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் விருந்துக்கு அழைப்பவர் "ஒரு மிக்கி வாங்கிட்டு வா" என்பார். மிக்கி என்பது 375 மில்லி, அதாவது நம் ஊர் ஹாஃப். 750 மில்லி ஃபுல்லுக்கு 'டூ-சிக்ஸ்', பழைய 26 அவுன்ஸ் கணக்கு. 1.14 லிட்டர் என்றால் ஃபார்ட்டி. 3 லிட்டர் பூதத்துக்குப் பெயர் 'டெக்சஸ் மிக்கி'. டெக்சஸ்காரரிடம் இதைச் சொன்னால் அவருக்குப் புரியாது. அமெரிக்காவில் மிக்கி என்றால் மயக்கமருந்து கலந்த பானம், அதனால் எல்லை தாண்டிப் போய் "எனக்கு ஒரு மிக்கி கொடு" என்று கேட்டுவிடாதீர்கள். 24 பீர் உள்ள பெட்டி டூ-ஃபோர். விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் மே 24. அதை ஒட்டி வரும் நீண்ட வார விடுமுறைக்கு ஒன்டாரியோவில் 'மே டூ-ஃபோர்' என்று பெயர். மகாராணியும் பீர்ப் பெட்டியும் ஒரே சொல்லில்.

இனி நியூஃபவுண்ட்லாந்து. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று என் மனைவி சொல்வாள்.

செயின்ட் ஜான்ஸில் இறங்கிய மறுநாள் கடையில் ஒருவர் என்னைப் பார்த்து "வட்டியாட்?" என்றார். நான் வட்டி கேட்கிறாரோ என்று ஒரு நொடி விழித்தது உண்மை. "வாட் ஆர் யூ அட்", அதாவது "என்ன பண்ற, எப்படி இருக்க?" என்பதுதான் அப்படிச் சுருங்கியிருக்கிறது. பதில் "நாட் மச், பை" என்று இருக்கவேண்டும். இந்த 'பை' என்பது 'பாய்' என்ற சொல்லின் தேய்வு. ஆனால் ஆண், பெண், கிழவர் எல்லாருக்கும் போடுவார்கள். "எஸ் பை" என்ற இரண்டு சொல்லைக் குரல் ஏற்ற இறக்கத்தால் "ஆமாம்", "நிஜமாவா?", "சும்மா விடாதே", "போதும் நிறுத்து" என்று எப்படி வேண்டுமானாலும் மாற்றுவார்கள். கடைக்காரம்மா "வாட் கேன் ஐ கெட் யூ, மீ டக்கி?" என்பார். வாத்துக்குட்டியே, உனக்கு என்ன வேணும்? கோயம்புத்தூர்ப் பக்கம் முன்பின் தெரியாதவரையும் "என்ன கண்ணு வேணும்" என்று கேட்பது போலத்தான்.

இந்தப் பேச்சின் வேர் இரண்டு இடத்தில். ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்கு, டார்செட், டெவன் பக்கம். மற்றது அயர்லாந்தின் தென்கிழக்கு, வாட்டர்ஃபோர்டைச் சுற்றிய பகுதி. காட் மீன் பிடிக்க வந்து கரைக் குடாக்களில் சிறுசிறு ஊர்களாகத் தங்கியவர்கள், ஊருக்கு ஊர் சாலை இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்ததே 1949இல்தான். அதனால் வந்த ஊரில் மங்கிப்போன பேச்சுகூட இங்கே தங்கிவிட்டது. "எங்கே இருக்க?" என்பதற்கு "வேர் யூ டு?" என்பது இங்கிலாந்துத் தென்மேற்கின் சொத்து. "ஐ'ம் ஆஃப்டர் பிரேக்கிங் த கப்" என்பது அயர்லாந்தின் கேலிக் மொழி வாக்கியம் ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டது. உடைக்கப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், கப் ஏற்கெனவே போய்விட்டது. "உடைச்சுட்டேன்" என்பதில் நம் 'விட்டு' செய்யும் வேலை இது. என் அறைத்தோழன் "ஐ'ம் ஆஃப்டர் ஈட்டிங் யுவர் ரைஸ்" என்றபோது, சாப்பிட ஆசைப்படுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துத் "தாராளமாய்ச் சாப்பிடு" என்றேன். பாத்திரம் காலி.

அங்கே உங்கள் அப்பா அம்மா யார் என்று கேட்க "ஹூ நிட் யா?" என்பார்கள். உன்னைப் பின்னியது யார்? குளிர்கால இரவுகளில் கம்பளி பின்னிப் பின்னியே வாழ்ந்த ஊரில் இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஈரமும் மூடுபனியும் கலந்து கசகசக்கும் நாளுக்கு 'மாசி' என்று ஒரு சொல், மாசி மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிடுசிடுப்பவர் 'குரூக்டு'. மடையன் 'ஸ்டன்டு'. கரையில் படியும் பனிக்கட்டிக்குப் 'பாலிகேட்டர்', கடலில் கூழாய் மிதப்பதற்கு 'ஸ்லாப்', நொறுங்கிய நுண்பனிக்கு 'சிஷ்', மழை விழுந்த மாத்திரத்தில் மரக்கிளைகளில் கண்ணாடி போல உறைவதற்கு 'கிளிட்டர்'. இந்தச் சொற்களுக்கென்றே மூன்று அறிஞர்கள் சேர்ந்து 'நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி' என்று தடிமனான ஒரு நூலை 1982இல் வெளியிட்டார்கள். வெளியூர்க்காரனுக்குப் பெயர் 'கம் ஃப்ரம் அவே'. அங்கேயே முப்பது வருஷம் இருந்தாலும் அந்தப் பெயர் போகாது. ஸ்க்ரீச் என்ற ரம்மைக் குடித்து, ஒரு காட் மீனை முத்தமிட்டு, "லாங் மே யுவர் பிக் ஜிப் டிரா" என்று வாழ்த்துச் சொன்னால் கௌரவ உள்ளூர்க்காரர் ஆகலாம். உன் பாய்மரத்தில் என்றும் காற்று நிறையட்டும் என்பது அதன் பொருள். நானும் முத்தமிட்டிருக்கிறேன். மீன் வாடை இரண்டு நாள் போகவில்லை.

இந்தப் பேச்சோடு நமக்கு ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் தென்கோடியில், செயின்ட் ஷாட்ஸ் என்ற ஊருக்கு அப்பால் மூடுபனிக்குள், உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் அவர்களை ஏற்றிக் கரை சேர்த்தார்கள். கனடாவில் அவர்கள் காதில் விழுந்த முதல் ஆங்கிலம், ஆங்கிலேயருக்கே புரியாத இந்த ஆங்கிலமாகத்தான் இருந்திருக்கும்.

தீவை விட்டு நகருமுன் ஒரு விசித்திரம். நோவா ஸ்கோஷியாவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் பலர், முக்கியமாக வயதான பெண்கள், 'யா' என்று ஆமோதிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். என் வீட்டுக்காரப் பாட்டி முதன்முதலில் அப்படிச் சொன்னபோது மூச்சுத் திணறல் என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன். அயர்லாந்திலும் ஸ்காண்டிநேவியாவிலும் இதே பழக்கம் உண்டு.

இனி நீங்கள் போகிற சமவெளி. இங்கே மூன்று மாகாணங்கள், பாதிச் சொற்கள் பொது. ரெஜைனாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் அக்டோபரில் உடன் வேலை செய்த பெண் "உனக்குக் குளிருதே, பன்னிஹக் இல்லையா?" என்று கேட்டாள். முயல் அணைப்பு. நான் திரும்பிப் பார்த்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அவள் தன் தலைமூடி வைத்த சட்டையை இழுத்துக் காட்டினாள். மற்ற ஊரில் ஹூடி என்று சொல்வதுதான் சஸ்காட்செவனில் பன்னிஹக். மாகாண எல்லையைத் தாண்டி மனிடோபாவில் சொன்னால் நகைப்பார்கள், நீங்கள் சொல்லவேண்டாம்.

சமவெளிக்கு 1890களிலிருந்து உக்ரைன்காரர்கள் பெருமளவில் வந்து நிலம் உழுதார்கள். கிழக்கு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்ததுதான் உள்ளாடைக்கு இங்கே வழங்கும் கிட்ச், காட்ச், கோன்ச், கின்ச் என்ற குடும்பம். ஊருக்கு ஊர் உயிரெழுத்து மாறும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் உள்ளாடையைப் பின்னாலிருந்து இழுத்துவிடும் குறும்புக்குக்கூட இதிலிருந்து பெயர் உண்டு. பாட்டிக்கு 'பாபா' என்று சொல்லும் வீடுகளும் நிறைய.

வினிபெக்கில் கட்டாயம் கேட்கப்போகிறது 'சோஷியல்'. "சனிக்கிழமை ஒரு சோஷியல், டிக்கெட் வாங்கிக்கிறாயா?" என்று யாராவது கேட்பார்கள். கல்யாணம் ஆகப்போகும் ஜோடிக்காக நண்பர்கள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று, ஆட்டமும் பாட்டும் குலுக்கல் பரிசும் வைத்து, கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பது. பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்து தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே வித்தியாசம், இங்கே நோட்டுப் போட்டுத் திருப்பிச் செய்யும் கணக்கு இல்லை. ஜோடியைத் தெரியாவிட்டாலும் போகலாம், தப்பில்லை. நள்ளிரவுக்குப் பக்கமாக ரை ரொட்டியும் வெட்டிய இறைச்சியும் சீஸும் ஊறுகாயும் மேசைக்கு வரும்.

ஜாம் அடைத்த டோனட் மனிடோபாவில் 'ஜாம்பஸ்டர்'. விழாக்களில் தட்டில் வரும் சின்னச்சின்ன இனிப்புகள் 'டெயின்டீஸ்'. 'பிளஃப்' என்றால் மற்ற ஊர்களில் செங்குத்துப் பாறை, சமவெளியில் மரத்தோப்பு. தட்டையான நிலத்தில் பாறைக்கு எங்கே போவது, கண்ணுக்கு உயரமாய்த் தெரிந்தது மரக்கூட்டம்தான். தேங்கிய நீர்க்குட்டை 'ஸ்லூ'. உருகும் பனிச்சேற்றில் கால் வைத்து ஷூவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் "காட் எ பூட்டர்". இதை மார்ச் மாதம் அனுபவித்தே தெரிந்துகொள்வீர்கள். "டிட் யூ பிளக் இன்?" என்று கேட்டால் செல்போன் இல்லை, கார். மைனஸ் 30இல் எஞ்சின் உறையாமல் இருக்க அதற்குள் ஒரு ஹீட்டர் வைத்து, முகப்பிலிருந்து ஒரு பிளக் தொங்கவிட்டிருப்பார்கள். முதன்முதலாகப் பார்த்தபோது அத்தனையும் பேட்டரிக் கார்கள் என்று நினைத்தேன். தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்லமாட்டார்கள், "ரெஜைனா ஆறு மணி நேரம்" என்பார்கள்.

மேற்குக் கரையைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, ஒரு சொல்லோடு நிறுத்துகிறேன்: 'ஸ்கூகும்'. உறுதியான, அட்டகாசமான என்று பொருள். பசிபிக் கரையின் பூர்வகுடிகளும் வெள்ளை வணிகர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள உருவான சினூக் கலப்பு மொழியின் மிச்சம். அதே மொழியின் 'சீசாக்கோ' யூகானில் இன்னும் உண்டு, புதிதாக வந்தவன் என்று பொருள். அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாக்குப்பிடித்தால் 'சவர்டோ' ஆகலாம், அதாவது புளித்த மாவு.

கியூபெக் தனி உலகம், பேச்சு பிரெஞ்சு. ஆனால் அவர்கள் திட்டும் முறையைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் முழுமையாகாது. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை என்றால் உடல், உறவு, கழிவு. கியூபெக்கில் கெட்ட வார்த்தை எல்லாம் தேவாலயத்துப் பூஜைச் சாமான். 'தபர்நாக்' என்பது நற்கருணைப் பேழை, 'காலிஸ்' திருக்கிண்ணம், 'ஓஸ்தி' நற்கருணை அப்பம். கோபம் அதிகமானால் மூன்றையும் சங்கிலியாகக் கோத்து வீசுவார்கள். 1960கள் வரை பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாணம், கருமாதி எல்லாமே கத்தோலிக்கச் சபையின் கையில் இருந்தது. இறுக்கிப் பிடித்த கையைக் கடிக்க அதன் புனிதப் பொருள்களே ஆயுதமாயின. சபையின் பிடி போன பிறகும் வசவு மட்டும் நிலைத்துவிட்டது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் 'தபர்நூஷ்' என்று மழுப்பிக்கொள்வார்கள். வசவைத் தாண்டி நல்ல சொலவடைகளும் உண்டு. மனம் தளராதே என்பதற்கு "உருளைக்கிழங்கை விட்டுவிடாதே" என்பார்கள். பெரிய சமாசாரம் வரப்போகிறது, தயாராக இரு என்பதற்கு "குல்லாவைக் கட்டிக்கொள்". மான்ட்ரியலில் ஆங்கிலம் பேசுபவர்கள்கூட மூலைக்கடையை 'டெப்' என்கிறார்கள், பிரெஞ்சு தெப்பனரின் சுருக்கம். விளக்கை அணை என்பதற்கு "குளோஸ் த லைட்" என்றும் காதில் விழும்.

கடைசியாக என் ஊர். டொராண்டோ என்று எழுதுகிறோம், ஈழத்தமிழர் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். உள்ளூர்க்காரர் வாயில் இரண்டாவது 'ட' விழுந்து 'ட்ரானோ' என்றுதான் வருகிறது. இங்கே இளைஞர்கள் பேசுவது முப்பது நாற்பது வருஷத்துக்குள் உருவான புத்தம்புது வழக்கு. 1967இல் குடியேற்றத்துக்கு மதிப்பெண் முறை வந்ததும் கரீபியன் தீவுகளிலிருந்து ஏராளமானோர் வந்தார்கள். 1983க்குப் பிறகு ஈழத்தமிழர், 1990களில் சோமாலியர். எல்லார் பிள்ளைகளும் ஸ்கார்பரோவிலும் எடோபிகோவிலும் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்து ஒரே பள்ளிக்குப் போனார்கள். எலும்பு ஜமைக்காவுடையது: மேன்டெம் என்றால் நம்ம பசங்க, யூட் என்றால் பையன், வேஸ்ட் யூட் என்றால் தண்டச்சோறு. சோமாலிப் பிள்ளைகள் கொண்டுவந்தது 'வல்லாஹி', இறைவன் மேல் ஆணை. ஞாயிறு தவறாமல் பிள்ளையார் கோவிலுக்குப் போகும் என் மகள் "வல்லாஹி, நான் எடுக்கலப்பா" என்கிறாள். கடும் கோபம் 'சீஸ்டு', பசி 'மார்வ்டு', வந்து சேர் என்பது 'ரீச்'. 'மேன்ஸ்' என்பது பன்மையாய்த் தோன்றினாலும் 'நான்' என்ற பொருளில் வரும்: "மேன்ஸ் ஹங்ரி" என்றால் சொல்கிறவனுக்குத்தான் பசி. வாக்கிய வாலில் 'எய்' இருந்த இடத்தில் இவர்கள் 'ஆலை' போடுகிறார்கள்: "திஸ் கொத்து இஸ் குட், ஆலை?" பெரியவர்களின் கனடாவில் என்ன செய்தார்களோ அதே காரியம், ஜமைக்காவிலிருந்து வந்த வேறு சொல்லால்.

இதை லண்டன் இளைஞர்களைப் பார்த்துக் காப்பியடித்தது என்று சிலர் சொல்கிறார்கள். சரியில்லை. இரண்டு ஊருக்கும் மூலம் ஜமைக்கா என்பதால் சாயல் ஒன்றாக இருக்கிறது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் டெரெக் டெனிஸ் போன்ற மொழியியலாளர்கள் இதை ஒழுங்கான இலக்கணம் உள்ள வழக்காகவே ஆராய்கிறார்கள். பெற்றோர் கூட்டங்களில் மட்டும் இன்னும் "பிள்ளைகள் ரவுடி பாஷை பேசுது" என்ற புலம்பல் ஓயவில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நேர்காணலில் என் மகள் அப்படிப் பேசமாட்டாள், எங்கே எதைப் பேசுவது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சில எச்சரிக்கைகள். நியூஃபவுண்ட்லாந்துக்காரரை 'நியூஃபி' என்று அழைக்காதீர்கள். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். வெளியார் சொன்னால் பலருக்கு அது வசவு. வடக்கத்திய மக்கள் இனுயிட், 'எஸ்கிமோ' என்ற சொல் போய்விட்டது. உங்களை 'ஈஸ்ட் இண்டியன்' என்று ஒரு முதியவர் சொன்னால் பெங்காலி என்று நினைக்கிறாரோ என்று குழம்பவேண்டாம். பூர்வகுடிகளை 'இண்டியன்' என்று அழைத்த காலத்தில் நம்மைப் பிரித்துக் காட்ட வைத்த பெயர் அது. யாராவது உங்கள் காலை மிதித்தால் நீங்களே 'சாரி' சொல்லவேண்டியிருக்கும், பழகிக்கொள்ளுங்கள். இது அளவுமீறிப் போனதால், சாரி சொன்னதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று ஒன்டாரியோ 2009இல் சட்டமே போட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா அதற்கு 3 வருஷம் முந்தியே போட்டுவிட்டது.

இதில் எதையும் மனப்பாடம் செய்து கொண்டுபோகவேண்டாம். புதிதாக வந்தவர் முதல் வாரமே 'எய்' போட்டால், ஒரு வெள்ளைக்காரர் சென்னையில் இறங்கியதும் "இன்னா நைனா" என்பது போல இருக்கும். புரியாதபோது "அப்படின்னா என்ன?" என்று கேளுங்கள். தங்கள் ஊர்ச் சொல்லை விளக்கச் சொன்னால் கனடாக்காரர்கள் உருகிவிடுவார்கள். எனக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப் பேர் அப்படிக் கேட்டுக் கிடைத்தவர்கள்தான்.

குல்லா. வாங்கி வராதீர்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் மங்கி கேப் வினிபெக் ஜனவரிக்கு முன்னால் கைக்குட்டைக்குச் சமம். அங்கே போய்க் கடையில் 'டூக்' என்று கேளுங்கள், 'ஊ'வை நன்றாக நீட்டி. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கியூபெக்காரர் கட்டிக்கொள்ளச் சொன்ன குல்லாவும் இதுவே. காது முழுக்க மூடுகிறதா என்று போட்டுப் பார்த்து, அக்டோபர் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். அதே கடையில் தண்ணீர் புகாத, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பூட்டர் ஆகிவிட்டால் சாயங்காலம் வரை ஈரக் காலுறையோடுதான் வகுப்பில் உட்காரவேண்டும்.